வீட்டுக் கடனும் வீட்டுச் செலவும்

வீடு வாங்கக் கடன் கேட்டு வருகிறவரிடம் கடன் கொடுப்பவர் அறிய விரும்புவன இரண்டு. மாதந்தோறும் எவ்வளவு வருகிறது? குடும்பம் உண்டு உடுத்து வாழ்ந்தது போக அதில் எவ்வளவு மிஞ்சும்? முதற் கேள்விக்கு விடை எளிது. சம்பளச் சீட்டு இருக்கிறது. வருமான வரிக் கணக்கு இருக்கிறது. இரண்டாம் கேள்விக்கு அத்தகைய சீட்டு ஒன்றும் இல்லை. அரிசிக்கும் பாலுக்கும், பிள்ளைகளின் பள்ளிக்கும், தாயாரின் மருந்துக்கும் ஆகும் செலவை எந்த அதிகாரியும் முத்திரையிட்டுத் தருவதில்லை. ஆயினும் கடன் கொடுப்பவர் அந்த இடத்தில் ஏதோ ஓர் எண்ணை இட்டுத்தான் தம் கணக்கை முடிக்கிறார். அந்த எண் எங்கிருந்து வந்தது என்னும் வரலாற்றையே இங்கே சொல்லப் புகுகிறோம்.

ஊரில் கடன் கொடுத்தவருக்கு எண் எதுவும் வேண்டியிருந்ததில்லை. அவர் அடுத்த தெருவிலேயே இருந்தார். கடன் வாங்குகிறவன் வீட்டில் எத்தனை பேர் உண்கிறார்கள், எந்தப் பெண்ணுக்கு அடுத்த தை மாதம் கலியாணம், எந்த வயலில் தண்ணீர் இல்லை என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்திருந்தது. அந்த அறிவை அவர் நல்லதற்கும் பயன்படுத்தினார், கெட்டதற்கும் பயன்படுத்தினார். தில்லியிலும் பம்பாயிலும் புனேயிலும் கல்கத்தாவிலும் வாழ வந்துவிட்ட நம்மை அப்படி அறிந்தவர் எவரும் இல்லை. முன்பின் அறியாத ஒருவர் முன்பின் அறியாத மற்றொருவருக்கு 20 ஆண்டுகளுக்குக் கடன் தருகிறார் என்றால், அறிமுகம் இருந்த இடத்தில் ஓர் எண்தான் நிற்க முடியும்.

அந்த எண்ணைக் கடன் கொடுப்போர் தேடிக் கண்டுபிடிக்கவில்லை. ஏழைகளின் நிலையை அறியவும் தொழிலாளருக்கு உரிய கூலியை நிச்சயிக்கவும் வேறு சிலர் தேடிய எண் அது. பிற்காலத்தில் அது கடன் கணக்குக்குள் வந்து சேர்ந்தது.

முதலில் குறிப்பிட வேண்டியவர் ஜெர்மனியில் சாக்ஸனி நாட்டின் புள்ளிவிவர அலுவலகத்துக்குத் தலைவராக இருந்த எர்ன்ஸ்ட் எங்கெல். பெல்ஜிய நாட்டுத் தொழிலாளர் குடும்பங்களின் வரவு செலவுகளை டுக்பெசியோ என்பவர் திரட்டி 1855-இல் வெளியிட்டிருந்தார். எங்கெல் அவற்றை ஆராய்ந்து 1857-இல் ஒரு விதியைக் கூறினார்: குடும்பம் எவ்வளவுக்கு ஏழையோ அவ்வளவுக்கு அதன் செலவில் உணவின் பங்கு பெரிதாக இருக்கும். இன்றும் இவ்விதி பொய்க்கவில்லை. நம் அரசு 2022-23-இல் நாடு முழுவதும் எடுத்த குடும்பச் செலவுக் கணக்கில், கிராமக் குடும்பங்கள் தம் செலவில் ஏறத்தாழ 46 சதவீதத்தையும் நகரக் குடும்பங்கள் 39 சதவீதத்தையும் உணவுக்குச் செலவிட்டது தெரிய வந்தது.

எங்கெல் விகிதத்தைக் கண்டார். தொகையைக் கண்டவர் இங்கிலாந்தின் சீபோம் ரவுண்ட்ரீ. யார்க் நகரத்தில் 1899-இல் வீடு வீடாக விசாரித்து, 1901-இல் தம் நூலை வெளியிட்டார். கணவன், மனைவி, மூன்று குழந்தைகள் கொண்ட குடும்பத்துக்கு வாரம் 21 ஷில்லிங் 8 பென்ஸ் வேண்டும் என்பது அவர் கணக்கு. அதில் உணவுக்கு 12 ஷில்லிங் 9 பென்ஸ், வாடகைக்கு 4 ஷில்லிங், துணி விளக்கு விறகு முதலியவற்றுக்கு 4 ஷில்லிங் 11 பென்ஸ். இத்தொகையில் வாழ்வது எத்தகைய வாழ்வு என்பதையும் அவர் ஒளிக்காமல் எழுதினார். அக்குடும்பத்தார் ரயிலேறக் கூடாது, பத்திரிகை வாங்கக் கூடாது, குழந்தைக்கு ஒரு பொம்மை வாங்கித் தரக் கூடாது. வெளியூரில் இருக்கும் மகனுக்கோ மகளுக்கோ கடிதம் எழுதவும் கூடாது. ஏனெனில் தபால் தலைக்குக் கணக்கில் காசு இல்லை. தாய் தந்தையரை ஊரில் விட்டு வந்திருக்கும் நமக்கு இந்தக் கடைசிச் செய்தி மற்றவர்களைவிட எளிதில் விளங்கும். ரவுண்ட்ரீ இதை மக்கள் வாழ வேண்டிய முறையாகச் சொல்லவில்லை. இதற்கும் கீழே மனிதர்கள் வாழ்கிறார்கள் என்று நாட்டினருக்குக் காட்டவே அந்தக் கோட்டை வரைந்தார். பிறகு வந்த கணக்குகளைப் பார்க்கும்போது இந்த வேறுபாடு நினைவிலிருக்க வேண்டும்.

நம் நாட்டில் இவ்வாராய்ச்சி பம்பாயில் வேரூன்றியது. 1921-இல் அங்கு நிறுவப்பட்ட தொழிலாளர் அலுவலகம் 1921-22-இல் மில் தொழிலாளர் முதலியோரின் குடும்பச் செலவுகளை விசாரித்தது. ஃபின்லே ஷிர்ராஸ் தயாரித்த அறிக்கை 1923-இல் வெளிவந்தது. 2,473 குடும்பங்களும், குடும்பத்தை ஊரில் விட்டுத் தனியே வந்து உழைத்த 603 ஆண்களும் அக்கணக்கில் இடம் பெற்றனர். சுதந்திரமாக நடமாடி உழைக்கும் தொழிலாளி உண்ணும் உணவு, பம்பாய்ச் சிறை விதிகள் கைதிக்கு வகுத்த உணவைவிடக் குறைவாக இருக்கிறது என்று அவ்வறிக்கை கூறியது. குடும்பங்களில் 47 சதவீதம் கடன்பட்டிருந்தன. ரூபாய்க்கு மாதம் ஓரணா வட்டி சாதாரணமாக வழங்கிற்று. ஆண்டுக்கு அது 75 சதவீதம்.

அந்த அறிக்கையில் நமக்குரிய செய்தி மற்றொன்று உண்டு. ஊரிலுள்ளோர்க்கு அனுப்பும் பணத்தை அது ஒரு செலவாகவே எழுதியது. அரிசி, விறகு, வாடகை என்னும் இனங்களோடு ஊருக்கு அனுப்பும் பணமும் ஓர் இனமாக நின்றது. பம்பாய் அக்காலத்திலேயே வந்தேறிகளின் நகரம். கொங்கணத்திலிருந்தும் தக்காணத்திலிருந்தும் ஐக்கிய மாகாணங்களிலிருந்தும் ஆட்கள் வந்தனர். தாராவியின் தோல் தொழிலுக்குத் திருநெல்வேலிச் சீமையிலிருந்து நம்மவரும் வந்தனர். அந்நகரத்தில் ஒருவனுடைய செலவைக் கணக்கிடப் புகுந்தவர், அவன் இருக்கும் அறையை மட்டும் பார்த்தால் போதாது என்பதை அறிந்திருந்தார்.

இவ்விசாரணையின் வழித்தோன்றல்கள் இன்றும் உயிரோடு உள்ளன. 1958-59-இல் 50 தொழில் நகரங்களில் தொழிலாளர் குடும்பங்களின் வரவு செலவு விசாரிக்கப்பட்டு, 1960-ஐ அடிப்படை ஆண்டாகக் கொண்ட விலைவாசிக் குறியீட்டெண் அமைந்தது. பிறகு 1982, 2001 என அடிப்படை ஆண்டு மாறி, 2016-ஐ அடிப்படையாகக் கொண்ட எண் 2020-இல் 88 நகரங்களுக்கு நடைமுறைக்கு வந்தது. நம்மில் அரசு ஊழியராக உள்ளவர்க்கு அகவிலைப்படி இவ்வெண்ணைக் கொண்டே நிச்சயிக்கப்படுகிறது. ஆகவே சம்பளம் கொடுப்பவர், குடும்பம் எதற்கு எவ்வளவு செலவிடுகிறது என்று ஒரு நூற்றாண்டாகக் கேட்டு வருகிறார்.

கடன் கொடுத்தவர் கேட்டாரா? அவராகக் கேட்கவில்லை; சட்டம் அவரைக் கேட்க வைத்தது. விட்லி என்பவரைத் தலைவராகக் கொண்டு 1929-இல் அமைக்கப்பட்ட தொழிலாளர் ராயல் கமிஷன் 1931-இல் தன் அறிக்கையைத் தந்தது. பெரும்பாலான தொழில் நகரங்களில் மூன்றில் இரண்டு பங்குக்குக் குறையாத தொழிலாளர் கடனாளிகள் என்று அது மதிப்பிட்டது. சம்பள நாளன்று ஆலை வாசலில் தடியோடு நின்ற வட்டிக்காரனைப் பற்றி அக்காலத்தவர் நிறையப் பேசியதுண்டு. ஆனால் தடியில்லாமலே கோர்ட்டு உத்தரவைக் கொண்டு சம்பளத்தை எடுத்துக்கொள்ளும் வழியும் இருந்தது. அதைக் குறுக்கும் பொருட்டு 1937-இல் சிவில் நடைமுறைச் சட்டத்தின் 60-ஆம் பிரிவு திருத்தப்பட்டது. சம்பளத்தில் முதல் 100 ரூபாயையும் எஞ்சியதில் பாதியையும் கடன்காரர் தொட முடியாது என்று ஆயிற்று. 1976-இல் அது முதல் 400 ரூபாயும் எஞ்சியதில் மூன்றில் இரண்டு பங்கும் என உயர்ந்தது. 1999-இல் இயற்றப்பட்ட திருத்தத்தால் 400 என்பது 1,000 ஆயிற்று.

இதைச் சாதாரண மொழியில் சொன்னால், கடன் வாங்கியவன் வாழ்வதற்கு இவ்வளவு வேண்டும் என்று சட்டமே ஓர் எண்ணை எழுதியிருக்கிறது. 1,000 ரூபாய் என்பது இன்றைக்குக் கேலிக்கிடமான தொகை. மூன்றில் இரண்டு பங்கு என்பது கேலிக்குரியதன்று. அதனை நினைவில் வைத்துக்கொள்வோம். வீட்டுக் கடனுக்கு வரும்போது அது பயன்படும்.

இனிக் கடல் கடந்து ஆஸ்திரேலியாவுக்குச் செல்வோம். அத்தனை தூரம் போவதற்குக் காரணம் உண்டு. கூலிக்காகத் தேடிய எண் எவ்வாறு படிப்படியாக வீட்டுக் கடன் விண்ணப்பத்துக்குள் நுழைந்தது என்பதை அந்நாட்டில் ஆண்டுக் கணக்கோடு காண முடிகிறது. முடிவில் அது நியாய ஸ்தலம் வரை சென்றது.

1906-இல் அந்நாட்டுப் பார்லிமெண்டு ஒரு சட்டம் செய்தது. தொழிலாளருக்கு நியாயமான கூலி தரும் தொழிலதிபர் எக்சைஸ் வரி கட்ட வேண்டியதில்லை என்பது அதன் சாரம். அறுவடை இயந்திரங்கள் செய்த மக்கே என்பவர் தமக்கும் அவ்விலக்கு வேண்டும் என்று 1907-இல் மனுச் செய்தார். விசாரித்த நீதிபதி ஹிக்கின்ஸ், நியாயமான கூலி என்பதன் பொருளைச் சட்டப் புத்தகங்களில் தேடுவதோடு நிற்கவில்லை; தொழிலாளர்களின் மனைவியரைச் சாட்சியாக அழைத்தார். சுமார் ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு வாடகை, மளிகை, ரொட்டி, இறைச்சி, பால், விறகு, காய்கனி இவற்றுக்கு மட்டும் வாரத்துக்குச் சராசரி 32 ஷில்லிங் 5 பென்ஸ் ஆவது தெரிந்தது. அப்போது கிடைத்த கூலி வாரம் 36 ஷில்லிங். எஞ்சிய 3 ஷில்லிங் 7 பென்ஸில் உடை, செருப்பு, விளக்கு, பாத்திரம், வைத்தியம், டிராம் கட்டணம் எல்லாம் அடங்க வேண்டும். அடங்காது என்று கண்ட நீதிபதி, நாளைக்கு 7 ஷில்லிங், அதாவது வாரம் 42 ஷில்லிங் கூலி வேண்டும் என்று தீர்ப்பளித்தார். அச்சட்டம் 1908-இல் உயர்நீதிமன்றத்தால் செல்லாது என்று தள்ளப்பட்டது. எண் தள்ளப்படவில்லை, அடிப்படைக் கூலி என்ற பெயரில் பல பத்தாண்டுகள் அது நிலைத்தது.

மெல்போர்ன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரொனால்டு ஹெண்டர்சன் 1966-இல் அந்நகரத்து ஏழைகளைக் கணக்கெடுத்தபோது வறுமைக் கோட்டை எங்கே வரைவது என்னும் கேள்வி எழுந்தது. அடிப்படைக் கூலியையும் குழந்தைகளுக்காக அரசு தந்த உதவித் தொகையையும் கூட்டி, இரு பெரியவரும் இரு குழந்தைகளும் உள்ள குடும்பத்துக்கு அதுவே கோடு என்றார். சிறிய குடும்பம், பெரிய குடும்பம் இவற்றுக்கான விகிதங்களை நியூயார்க் நகரத்தில் 1950-களில் வகுக்கப்பட்ட குடும்பச் செலவுத் திட்டத்திலிருந்து எடுத்துக்கொண்டார். 1972-இல் அவரைத் தலைவராகக் கொண்டு அரசு வறுமை விசாரணைக் கமிஷனை அமைத்தது; 1975-இல் அதன் முதல் அறிக்கை வந்தது. அதன் பின் ஹெண்டர்சன் கோடு அந்நாட்டில் வீட்டுச் சொல்லாயிற்று.

இந்தக் கோட்டைத்தான் பாங்குகள் எடுத்துக்கொண்டன. வீட்டுக் கடன் கேட்கும் குடும்பத்துக்குக் குறைந்தபட்சம் இவ்வளவு செலவாகும் என்று ஓர் எண் வேண்டியிருந்தது. பல்கலைக்கழகம் காலாண்டுதோறும் திருத்தி வெளியிடும் எண் ஒன்று கையருகே இருந்தது. ஏழைகள் எத்தனை பேர் என்று எண்ணப் பிறந்த கோடு, வீடு வாங்கும் நடுத்தரக் குடும்பத்தின் செலவுக் கணக்காக மாறியது. இது எவருடைய சூழ்ச்சியுமன்று. அலுவலகங்களில் வசதியான எண் இப்படித்தான் வேலை மாறுகிறது.

வறுமைக் கோடு பொருந்தவில்லை என்று உணர்ந்த பின், 2011-இல் மெல்போர்ன் பல்கலைக்கழகத்தின் அதே ஆராய்ச்சிக் கழகம் குடும்பச் செலவு அளவை என்னும் புதிய அளவுகோலைத் தந்தது. அது செய்யப்பட்ட விதத்தைச் சற்று நின்று பார்க்கலாம். அரசின் குடும்பச் செலவுக் கணக்கெடுப்பில் உள்ள 600-க்கு மேற்பட்ட செலவினங்கள் மூன்று வகையாகப் பிரிக்கப்பட்டன. உணவு, குழந்தைகளின் உடை, மின்சாரம், போக்குவரத்து போன்றவை தவிர்க்க முடியாத அடிப்படைகள். பெரியவர்களின் உடை, வெளியில் உண்பது, பொழுதுபோக்கு போன்றவை அடிப்படைதான் எனினும் கூட்டிக் குறைக்கத்தக்கவை. தோட்டக்காரர் கூலி, வெளிநாட்டு உல்லாசப் பயணம் போன்றவை அடிப்படையல்லாதவை. முதல் வகையில் நூறு குடும்பங்களைச் செலவின் வரிசையில் நிறுத்தினால் நடுவில் நிற்கும் குடும்பத்தின் செலவை எடுத்துக்கொண்டனர். இரண்டாம் வகையில் கீழிருந்து 25-ஆவது குடும்பத்தின் செலவை எடுத்துக்கொண்டனர். மூன்றாம் வகைக்கு இடமே இல்லை. வாடகையும் கடன் தவணையும் இதில் சேரா; அவை தனியே கணக்கிடப்படும். குடும்பத்தின் அளவுக்கும் இருப்பிடத்துக்கும் ஏற்ப எண் மாறும்.

வறுமைக் கோட்டைவிட இது நேர்மையான அளவுகோல் என்பதில் ஐயமில்லை. ஆனால் அமைப்பிலேயே இது சிக்கனக் குடும்பத்தின் கணக்கு. கூட்டிக் குறைக்கத்தக்க இனங்களில் நூற்றுக்கு எழுபத்தைந்து குடும்பங்கள் இதைவிட அதிகமாகச் செலவிடுகின்றன. குறைந்தபட்சம் இவ்வளவாவது இருக்க வேண்டும் என்று சரிபார்க்க இந்த அளவுகோல் தகும். இந்தக் குடும்பத்தின் செலவு இதுவே என்று எழுதத் தகாது. நடந்ததோ பெரும்பாலும் இரண்டாவது. 2017 டிசம்பரில் நீதிபதி ஹெய்ன் தலைமையில் அமைக்கப்பட்ட ராயல் கமிஷன் பாங்குகளின் நடத்தையை விசாரித்தபோது, பெரிய பாங்குகள் மிகப் பல விண்ணப்பங்களில் குடும்பத்தின் மெய்யான செலவைச் சரிபார்க்காமல் இவ்வளவுகோலின் எண்ணையே இட்டுக்கொண்டது வெளியாயிற்று.

இதற்கிடையில் வழக்கொன்றும் நடந்து வந்தது. 2009-ஆம் ஆண்டின் கடன் பாதுகாப்புச் சட்டப்படி, கடன் வாங்குகிறவர் பெருந்துன்பமின்றித் திருப்பிக் கட்ட இயலுமா என்று கடன் கொடுப்பவர் மதிப்பிட வேண்டும். வெஸ்ட்பாக் பாங்கு 2011 டிசம்பர் முதல் 2015 மார்ச் வரை 2,60,000-க்கு மேற்பட்ட வீட்டுக் கடன்களில் வாடிக்கையாளர் சொன்ன செலவை விட்டுவிட்டு அளவுகோலின் எண்ணைக் கொண்டு கணக்கிட்டது சட்டத்துக்கு மாறு என்று அந்நாட்டுக் கண்காணிப்பு அமைப்பு வாதாடியது. 2018-இல் இரு தரப்பாரும் மூன்றரைக் கோடி டாலர் அபராதத்துக்கு ஒப்பி வந்தனர். நீதிபதி பெர்ராம் அந்தச் சமரசத்தை ஏற்க மறுத்து வழக்கை முழுதும் நடத்தச் செய்தார். 2019 ஆகஸ்டு 13-ஆம் நாள் அவர் வழக்கைத் தள்ளினார்.

அவர் கூறிய காரணம் உலகெங்கும் பேசப்பட்டது. இன்று ஒருவர் விலையுயர்ந்த வாகியு மாட்டிறைச்சியும் உயர்ந்த ஷிராஸ் திராட்சை மதுவுமாக உண்டு வாழலாம். வீடு வேண்டும் என்று மனம் வைத்துவிட்டால் எளிய உணவுக்கு இறங்கிவிடுவார். ஆகவே இன்றைய செலவு நாளை கட்ட முடியுமா என்பதைக் காட்டாது என்பது அதன் கருத்து. சொல்லப்பட்ட செலவை இன்ன முறையில் கணக்கில் கொள்ள வேண்டும் என்று சட்டம் விதிக்கவும் இல்லை என்றார். மேல் முறையீட்டில் மூவரடங்கிய அமர்வு 2020 ஜூன் 26-இல் இருவருக்கு ஒருவர் என்ற பெரும்பான்மையில் அத்தீர்ப்பை உறுதி செய்தது.

நீதிபதியின் வாதத்தில் உண்மை உண்டு. வீட்டுக்காகச் சிக்கனப்படாத குடும்பம் நம்மிடையேயும் இல்லை. நகை செய்வதைத் தள்ளிப் போடுகிறோம், பழைய புடவையோடு தீபாவளியைக் கழிக்கிறோம். ஆனால் அவர் எடுத்த உதாரணம் குறைப்பதற்கு மிக எளிதான பண்டம். குழந்தையின் பள்ளிக் கட்டணத்தையும் முதிய தந்தையின் மருந்துச் செலவையும் மதுவைக் குறைப்பதுபோல் குறைக்க இயலாது. இவை இரண்டும் ஒரு குடும்பத்தில் இருக்கும், அடுத்த குடும்பத்தில் இரா. நூறு குடும்பங்களின் வரிசையிலிருந்து எடுத்த எண் இவ்வேறுபாட்டை அறியாது.

மற்ற நாடுகளின் வழிகளையும் இரண்டொரு சொல்லில் கூறிவிடலாம். அமெரிக்காவில் போரிலிருந்து திரும்பிய வீரர்களுக்கு 1944-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஏற்பட்ட வீட்டுக் கடனில், வரியும் தவணைகளும் போகக் கையில் எஞ்ச வேண்டிய தொகை பட்டியலிடப்பட்டது. 80,000 டாலருக்குக் குறையாத கடனாயின், நால்வர் கொண்ட குடும்பத்துக்குத் தென் மாநிலங்களில் மாதம் 1,003 டாலரும் மேற்கு மாநிலங்களில் 1,117 டாலரும் எஞ்ச வேண்டும். எவ்வளவு போகலாம் என்று கேளாமல் எவ்வளவு நிற்க வேண்டும் என்று கேட்பது இம்முறையின் சிறப்பு. அதே நாட்டில்தான், 1974-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கும் வரை, மனைவியின் சம்பளத்தைப் பாதியாகவோ பூஜ்யமாகவோ எழுதும் வழக்கமும் கடன் கொடுப்போரிடம் இருந்தது. குழந்தை பிறந்தால் வேலையை விட்டுவிடுவாள் என்று சொன்னார்கள். பிரிட்டனில் நெடுங்காலம் சம்பளத்தின் இத்தனை மடங்கு கடன் என்ற எளிய கணக்கே ஆண்டது. 2014 ஏப்ரல் 26 முதல் செலவையும் விசாரித்தே தீர வேண்டும் என்று விதி வந்தது.

நம் நாட்டில் வீட்டுக் கடனின் பெரிய வாசல் முதலில் அரசு ஊழியர்க்கே திறந்தது. 1956-இல் தொடங்கிய மத்திய அரசின் வீடு கட்டும் முன்பணத் திட்டத்தால் தில்லியில் குமாஸ்தாவாக வந்த எத்தனையோ தமிழ்க் குடும்பங்கள் சொந்த வீடு கண்டன. பொது மக்களுக்கென எச். டி. பாரேக் 1977-இல் எச்.டி.எஃப்.சி. நிறுவனத்தைத் தொடங்கினார், 2023 ஜூலையில் அது அதே பெயருடைய பாங்கோடு இணைந்தது. தேசிய வீட்டு வசதி பாங்கு 1988-இல் ஏற்பட்டது.

இவை அனைத்தும் பின்பற்றிய வழி விகித வழி. செலவை விசாரிப்பதில்லை, வருமானத்தில் இத்தனை சதவீதம் வரை தவணைக்குப் போகலாம் என்று வரையறுத்துவிட்டால் எஞ்சியது செலவுக்கு என்று பொருள். மத்திய அரசின் 2017-ஆம் ஆண்டு முன்பண விதிகளில், ஓய்வு பெற 20 ஆண்டுகளுக்கு மேல் உள்ளவர்க்கு அடிப்படைச் சம்பளத்தில் 40 சதவீதமும், 10 ஆண்டுகளுக்குள் ஓய்வு பெறுவோர்க்கு 50 சதவீதமும் திருப்பிக் கட்டும் சக்தியாகக் கொள்ளப்படும் என்று உள்ளது. பாங்குகளும் பெரும்பாலும் 40 முதல் 50 சதவீதம் என்று வைத்து, சம்பளம் பெரிதாக ஆக அதற்கு மேலும் செல்கின்றன. பெரிய சம்பளக்காரருக்கு விகிதத்தை உயர்த்துவது எங்கெல் கண்ட விதிக்கு இசைந்ததே.

விகித வழி எளியது, விரைவானது. வீட்டுக்குள் புகுந்து எட்டிப் பார்ப்பதில்லை. ஆனால் ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மாதச் சம்பளம் 60,000 ரூபாய் என்க. பாதி வரை தவணை என்றால் 30,000 ரூபாய் போய் 30,000 ரூபாய் நிற்கும். இதே மனிதர் வேறொரு கடனைக் கட்டத் தவறி வழக்கில் தோற்றால், முன்னே சொன்ன 60-ஆம் பிரிவின்படி முதல் 1,000 ரூபாயும் எஞ்சிய 59,000-இல் மூன்றில் இரண்டு பங்கும், ஆக 40,333 ரூபாய் அவருடையது. எடுக்கக் கூடியது 19,667 ரூபாயே. கோர்ட்டு, தோற்ற கடனாளியின் குடும்பம் வாழ 40,000 ரூபாய்க்கு மேல் விட்டு வைக்கிறது. தவணை தவறாத கடனாளி தாமாகக் கையெழுத்திட்டு 30,000 ரூபாயில் வாழ ஒப்புகிறார். ஒன்று கட்டாயம், மற்றொன்று சம்மதம் என்பது உண்மைதான். குடும்பத்தின் பசி இரண்டு இடத்திலும் ஒன்றே.

வெளி மாநிலத்தில் வாழும் நமக்கு அந்த 30,000-இல் சேரும் இனங்களைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். கட்டடம் முடியும் வரை வாடகையும் கொடுக்க வேண்டும். அதுவரை பெற்ற கடனுக்கு வட்டியும் கட்ட வேண்டும். ஆண்டுக்கொரு முறையேனும் குடும்பத்தோடு ஊருக்குப் போய் வரும் ரயில் செலவு. எதிர்பாராத சாவுக்கு ஓடும்போது விமானச் செலவு. உடன்பிறந்தாள் மகளுக்குத் தாய்மாமன் சீர். குலதெய்வக் கொடைக்கு வரி. இவற்றுக்கெல்லாம் மேலாக மாதம் பிறந்தவுடன் ஊருக்கு அனுப்பும் பணம். வேறொரு கடனுக்குத் தவணை கட்டினால் அதைப் பாங்கு விகிதத்துக்குள் சேர்த்துக் கழிக்கிறது. பெற்றோர்க்கு அனுப்புவது கடன் பத்திரமில்லாத கடமை. சார்ந்திருப்போர் எத்தனை பேர் என்ற கேள்விக்கு எழுதும் ஓர் எண்ணாகவே பெரும்பாலும் அது விண்ணப்பத்தில் அடங்கிவிடுகிறது. பம்பாய்த் தொழிலாளர் அலுவலகம் 1921-இல் தனி இனமாக எழுதிய செலவு இது. கடன் கேட்பவர் அதை விண்ணப்பத்தோடு தாமே எழுதிக் கொடுத்து, குறைவான தவணையையும் நீண்ட காலத்தையும் கேட்பதற்குத் தடையில்லை. கொடுக்க முன்வரும் முழுத் தொகையையும் பெற்றுக்கொள்ள வேண்டும் என்ற விதியும் இல்லை.

இதில் மற்றொரு விநோதமும் உண்டு. ஈடில்லாமல் ஏழைக் குடும்பங்களுக்குத் தரப்படும் சிறு கடன்களுக்காக ரிசர்வ் பாங்கு வகுத்த விதிகள் 2022 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்தன. ஆண்டு வருமானம் 3 லட்சத்துக்கு மேற்படாத குடும்பங்களுக்கு உரியவை அவை. கணவன், மனைவி, மணமாகாத மக்கள் இவர்களே ஒரு குடும்பம் என்றும், எல்லாக் கடன் தவணைகளும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதிக்கு மேற்படலாகாது என்றும் அவை சொல்கின்றன. வருமானத்தைக் கணக்கிடும் மாதிரிப் பட்டியலில் கூலி, பயிர், வாடகை, பென்ஷன் ஆகியவற்றோடு வெளியூரிலிருந்து வரும் பணத்துக்கும் ஓர் இடம் தரப்பட்டிருக்கிறது. மணமாகித் தனிக் குடும்பமாகிவிட்ட மகன் புனேயிலிருந்து மாதந்தோறும் 5,000 ரூபாய் அனுப்பினால், சங்கரன்கோவிலில் கறவை மாட்டுக்குக் கடன் கேட்கும் தாயின் படிவத்தில் அது வருமானமாக ஏறும். அதே மாதம் அவன் புனேயில் வீட்டுக் கடனுக்கு விண்ணப்பித்தால், அவன் சம்பளத்தில் பாதி தவணைக்குத் தகும் என்று கணக்கிடும்போது அந்த 5,000 ரூபாயும் அவன் கையில் இருப்பதாகவே கொள்ளப்படும்.